ஏழாம் அறையில் என் பெயர்

05.12.2006, செவ்வாய்

இன்று கந்தோரில் நூற்றுப்பத்துப் பழைய வரைபடங்களுக்குச் சிவப்பு முத்திரை குத்தினேன். கட்டிடத்தின் புதிய வரைபடம் வந்துவிட்டால் பழையதில் ‘செல்லாது’ என்று குத்தி அலுமாரியில் வைக்க வேண்டும். எட்டு வருடமாகத் துபாயில் இதுதான் என் உத்தியோகம். கராமா வட்டாரத்து அறைக்குத் திரும்பினால் கட்டிலில் பாரிசிலிருந்து ஒரு கடிதம். அறையில் கூட இருக்கும் வீரபாண்டி வாங்கி வைத்திருந்தான்.

எழுதியவர் நாகலிங்கம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் ஆள், பாரிசில் கடை வைத்திருக்கிறார். பிரான்சின் தெற்கே ஆர்ல் என்ற ஊரின் நகரசபை அவருக்கு ஓர் அறிவித்தல் அனுப்பியிருக்கிறதாம். தம்பியைப் புதைத்த இடத்துக்கு ஐந்து வருடத் தவணை. பெப்ரவரியோடு முடிகிறது. உரியவர்கள் வராவிட்டால் கிண்டி, எலும்பைப் பொதுக்கிடங்கில் போட்டுவிடுவார்கள்.

அறிவித்தலின் பிரதியும் உறைக்குள் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஒரு வரியை மட்டும் வாசிக்க முடிந்தது. இறந்தவரின் பெயர்: அரியரத்தினம் பகீரதன்.

என் பெயர்.

06.12.2006

யாருக்கும் சொன்னதில்லை. இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

98இல் தம்பி குகதாசனைப் பிரான்சுக்கு அனுப்பினோம். அகதி என்று ஏற்க அவர்களுக்கு ஒரு கதை வேண்டும். குகனிடம் கதை இல்லை. என்னிடம் இருந்தது. 96இல் ஆமி என்னைப் பிடித்து நாற்பது நாள் முகாமில் வைத்திருந்தது. வெளியே விட்ட பிறகு செஞ்சிலுவைக்காரர் தந்த அட்டையும் கையில் இருந்தது. ஏஜென்சிக்காரன் சொன்னான்: “தமையன்ரை பேரிலை போகட்டும். கேஸ் நிக்கும்.” அம்மா என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன். என் பிறப்புச் சான்றிதழ், அட்டை, நாற்பது நாள், எல்லாவற்றையும் அவனிடம் கொடுத்தேன். அவனுடைய பிறப்புச் சான்றிதழை நான் வைத்துக்கொண்டேன். அதே வருடம் என் கடவுச்சீட்டில் துபாய் வந்தேன். உலகத்தில் இரண்டு பகீரதன்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

2002 பெப்ரவரியில் ஆர்லில் ரோன் ஆற்றில் ஓர் உடல் எடுத்தார்கள். சட்டைப்பையில் என் பெயரில் தற்காலிக வதிவிட அட்டையும் நாகலிங்கம் அண்ணையின் தொலைபேசி எண்ணும். அவர் போய்ச் சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். முகத்தை அவர் பார்க்கவில்லை. அங்கே ஓர் அட்டையை வைத்து இரண்டு பெடியள் மாறி மாறி வேலைக்குப் போவது வழமை. அட்டை அவனுடையது. ஆள் அவன்தானா?

நான் போகவில்லை. விசா கிடைத்திராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் சரி.

08.12.2006, வெள்ளி

லீவு நாள். காலை பதினொரு மணிக்குத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான். ஏன் என்று இன்றைக்கு எழுத மாட்டேன்.

பிறகு அம்மாவுக்கு எடுத்தேன். சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதை பூட்டி நாலு மாதம், அங்கே சீனிக்கும் வரிசை. எட்டாவது தடவை லைன் கிடைத்தது. கல்லறை விஷயத்தைச் சொன்னேன்.

“ஆரின்ரை கல்லறை?”

“குகன்ரை, அம்மா.”

“பேப்பரிலை ஆரின்ரை பேர் கிடக்கு?”

பிரதியை மறுபடி விரித்துப் பார்த்தேன்.

“உன்ரை பேர்தானே? நீ என்னோடை கதைச்சுக்கொண்டிருக்கிறாய். அப்ப ஒருத்தரும் சாகேல்லை.”

ஐந்து வருடமாக இதே பேச்சு. அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் இல்லை. அவனுடைய படத்துக்கு மாலை போட விடமாட்டா. அம்மாவுக்குப் பைத்தியம் என்று சித்தி சொல்கிறா. எனக்கோ அம்மா சொல்வதில் பிழை பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் இந்த முறை போகிறேன். போய் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து அவவுக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். எனக்கும்தான்.

14.12.2006, வியாழன்

டிராவல்ஸில் ஷம்சியாவைப் பார்த்தேன். காயல்பட்டினத்துப் பெண். கைகள் தட்டச்சு செய்துகொண்டே இருக்க வாய் வேறு கதை சொல்லும். விசாவுக்கு முதல் தேவை ஹோட்டல் உறுதிக் கடிதம்தானாம். அது இல்லாமல் தூதரகத்தில் கோப்பைத் திறக்கவே மாட்டார்கள்.

“அண்ணே, நாலு பேர் போற ஊரா பாத்துப் போங்களேன். பாரிஸ் இருக்கு, நைஸ் இருக்கு. இது என்ன ஊரு?”

“ரோமாபுரிக்காரர் கட்டின ஊர். இரண்டாயிரம் வருசப் பழசு.”

“பழசுல உங்களுக்கு என்ன வேல?”

சிரித்து வைத்தேன். அவள் ஒரு சுற்றுலாப் புத்தகம் தந்தாள். ஆர்லில் கட்டாயம் பார்க்க வேண்டியவை: வட்ட அரங்கம், பழைய சந்தை, மரங்களுக்கு நடுவே வரிசையாக வெறும் கல்லுப் பிரேதப்பெட்டிகள் கிடக்கும் ஒரு பாதை. ‘மாலையில் உலாவ உகந்தது’ என்று போட்டிருந்தது.

19.12.2006

மலிவு ஹோட்டல்கள் மூன்றைக் குறித்தேன். ஒன்று ரயில் நிலையத்துக்குப் பக்கம், ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். இன்னொன்றில் குளியலறை நடைபாதைக் கோடியில், நாலு அறைக்கு ஒன்று. எட்டுப் பேருக்கு ஒன்றாக இருந்து பழகிய எனக்கு அது ராசபோகம். பெப்ரவரியில் வாடகை பாதி. காலை உணவு தனி. பாண் வாங்கிக்கொண்டு போனால் சரி. லிப்ட் கிடையாது, ஆற்றுக்காற்று பலமாக அடிக்கும், ஜன்னல் கதவைக் கொளுவி வைக்கவும் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

இப்படித் திட்டம் போடும்போது சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் நான் ஒரு சுற்றுலாப் பயணி. பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்றாவது ஹோட்டலை நானாகத் தேடவில்லை. குகன் கடைசியாக அனுப்பிய கடித உறையின் மூலையில் நீல முத்திரை இருக்கிறது. ஹோட்டல் பெயர், ஆற்றங்கரைத் தெரு, தொலைபேசி எண். கூலிக்குக் கூட்டித் துடைக்கிற இடத்திலிருந்து உறை எடுத்திருப்பான் என்று நினைத்திருந்தேன். இணையத்தில் தேடினேன். இன்னும் நடக்கிறது. ஓர் அறை, ஐந்து இரவு, என் முழுப்பெயர் போட்டு மின்னஞ்சல் அனுப்பினேன்.

21.12.2006

பதில் வந்துவிட்டது. ஓட்டை ஆங்கிலம். அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

‘அன்புள்ள திரு. பகீரதன், எங்களிடம் திரும்பி வருவதில் மகிழ்ச்சி. உங்கள் பழைய அறை, ஏழாம் இலக்கம், அந்தத் திகதிகளில் காலியாக உள்ளது. அதையே ஒதுக்கட்டுமா?’

22.12.2006, வெள்ளி

திரும்பி வருவதில்.

எப்ப போனவன்? எந்த வருசம்? செத்தவனை ஏன் திரும்பி வா எண்டு கூப்பிடுகினம்? அப்ப ஆத்திலை கிடந்தது வேறை ஆரோ பெடியன். அட்டை குடுத்திருப்பான். குகன் இரக்கக்காரன், கேட்டால் குடுப்பான். பிறகு அட்டை இல்லாமல் எங்கையோ ஒளிஞ்சு —

ஐந்து வருசம் ஒரு கோல் கூட எடுக்காமலோ?

எடுக்காமல் இருப்பான். என்னிலை கோபம் இருக்கும். கோபம் இருக்க வேணும்.

29.12.2006, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. வாயில் நிற்கவில்லை.

அம்மா அழவில்லை. “நான் சொன்னனான்தானே” என்றா. அவ்வளவு சாதாரணமாக. பிறகு, “அவனைக் கண்டவுடனை அடிச்சுப்போடாதை மோனை. முதல் சாப்பிட்டவனோ எண்டு கேள்” என்றா.

02.01.2007

ஹோட்டலுக்கு எழுதினேன்: ‘ஏழாம் இலக்கமே போதும். ஒரு சந்தேகம். நான் கடைசியாக உங்களிடம் எப்போது தங்கியிருந்தேன்?’

எவன் இப்படிக் கேட்பான்?

08.01.2007, திங்கள்

பதில் வந்தது. இந்த முறையும் ஆங்கிலம், ஆனால் சொல்லி எழுதுவித்தது முதலாளியம்மா, மதாம் ரூவியேர். இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கந்தோர்க் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

‘ஐயா, முன்னைய பதிலை எழுதியது என் மருமகள். அவள் புதியவள். பழைய விருந்தினர் பதிவு அட்டைகளில் உங்கள் பெயரைக் கண்டு வழக்கமான விருந்தினர் என்று நினைத்துவிட்டாள். மன்னிக்கவும். ஆனால் நீங்கள் யார்? ஏழாம் அறையில் இருந்த பகீரதன் இறந்து ஐந்து வருடம். இரண்டு வருடம் இங்கே படுக்கைத்துணி தோய்த்தார், படி கூட்டினார், அந்த அறையிலேயே இருந்தார். பொலிஸ் என்னைத்தான் அழைத்தது. நான் பார்த்தேன். இடது புருவத்தைப் பிளந்த பழைய தழும்பு. அவரேதான். அவருடைய பை என்னிடம் இருக்கிறது. யாராவது கேட்டு வருவார்கள் என்று வைத்திருக்கிறேன்.’

இடது புருவம். சைக்கிளில் முன்னுக்கு ஏற்றி நான்தான் விழுத்தினேன். அவனுக்கு ஏழு வயது.

09.01.2007

ஒன்றும் எழுத வரவில்லை.

12.01.2007, வெள்ளி

பதினொரு மணி. எழுதிவிடுகிறேன்.

2002 பெப்ரவரி 5, செவ்வாய். கந்தோர்த் தொலைபேசிக்குக் குகன் எடுத்தான். மனேஜர் முன்னால் நிற்கிறார், மேசை நிறைய வரைபடங்கள். அவன் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணை, நீ முகாமிலை கிடந்தது நாப்பது நாளோ, நாப்பத்தொண்டோ?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மறக்கப் பாடுபடுகிற ஒன்றை இவன் வேலை நேரத்தில் கணக்குக் கேட்கிறான். “டியூட்டியிலை நிக்கிறன். வெள்ளிக்கிழமை பதினொண்டுக்கு எடு” என்று வைத்துவிட்டேன்.

வியாழன் பின்னேரம் அவன் ஆற்றில். வெள்ளி நான் பதினொரு மணிக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்துச் சோறு வைத்தேன்.

அம்மா இன்று, “சின்னவனிட்டை இருந்து மறுமொழி வந்ததோ?” என்று கேட்டா. “இன்னும் இல்லை” என்றேன். போய் வந்து சொல்லுவேன். இப்போது சொன்னாலும் அவ அந்தப் பேப்பரைத்தான் கேட்பா. அதில் பெயர் என்னுடையது.

17.01.2007

மதாமுக்கு முழுவதையும் எழுதினேன். அவர் ஏழாம் அறையில் வைத்திருந்தது குகதாசனை. பகீரதன் நான். பொலிசுக்குச் சொன்னால் சொல்லட்டும். அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.

காலையில் வீரபாண்டி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான். ராமநாதபுரத்துப் பெடியன், ஏசி மெக்கானிக். எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன்.

“என்னண்ணே, ஒரு வாரமா தூக்கத்துல ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக் கத்துறீங்க. பதினேழு வந்ததும் நிறுத்திப்புடுறீங்க. அதுக்கு மேல எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. பதினெட்டு எப்ப வரும்னு கிடக்கேன்.”

முகாமில் வரிசையில் நிறுத்தி எண்ணச் சொல்வார்கள். என் இலக்கம் பதினேழு. துபாய் வந்த நாளிலிருந்து அந்தக் கனவு வந்ததே இல்லை. குகனுக்குக் கதையைக் கொடுத்ததோடு கனவும் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

20.01.2007

மதாம் ரூவியேரின் பதில். ஹோட்டல் உறுதிக் கடிதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் முறையாக. கீழே ஒரு வரி: ‘வாருங்கள். அறையைச் சூடாக்கி வைக்கிறேன்.’

24.01.2007, புதன்

துணைத் தூதரகம். கம்பனியின் ஆட்சேபனையில்லாக் கடிதம், சம்பளச் சான்றிதழ், காப்புறுதி, போகவர டிக்கெட், ஹோட்டல் கடிதம். ஒழுங்காக அடுக்கியிருந்தேன். அது எனக்கு வரும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் பெயரைக் கணினியில் அடித்தாள். நெடுநேரம் திரையைப் பார்த்தாள். நான் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பெயர் அவர்கள் நாட்டில் செத்துப்போன பெயர்.

“ஏன் ஆர்ல்?”

“பழைய கட்டிடங்கள் பார்க்க.”

“முன்பு பிரான்சுக்குப் போயிருக்கிறீர்களா?”

“இல்லை.”

“அங்கே உறவினர் இருக்கிறார்களா?”

இருக்கிறார்களா? “இல்லை” என்றேன். முத்திரையை எடுத்தாள். ஆனால் அது வேறு எதற்கோ. இரண்டு வாரம் கழித்து வரட்டுமாம்.

07.02.2007

குகனின் நாள். இன்றைக்கே விசாவும் கையில் கிடைத்தது. கடவுச்சீட்டில் என் படம், பக்கத்தில் என் பெயர். ஷம்சியா பார்த்துவிட்டு “சிரிக்கலாம்ல அண்ணே” என்றாள்.

12.02.2007, திங்கள். ஆர்ல்

ஏழாம் அறை இரண்டாம் மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, ஆற்றைப் பார்த்த ஜன்னல். காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கொளுக்கியை மாட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் கதவு தட்டுகிறது.

மதாம் ரூவியேருக்கு அறுபது இருக்கும். என்னைக் கண்டதும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டா. நானும் குகனும் ஒரே முகச்சாடை. அவ பிரெஞ்சில் சொன்னதை மருமகள் ஆங்கிலத்தில் சொன்னாள். ஆறு அந்த வாரம் பெருகியிருந்ததாம். கரைப்படிகள் பாசி பிடித்தவை. அவன் பின்னேரத்தில் அங்கேதான் போய் இருப்பானாம். வழுக்கி விழுந்தானா, தானாக இறங்கினானா, அவவுக்குத் தெரியாது. கேட்டேன், தெரியாது என்றா. பொய் சொல்லாமல் விட்டதற்கு நன்றி.

நித்திரையில் கத்துவானாம். செபம் சொல்கிறான் என்று நினைத்தாவாம். அந்த ஓசையைச் சொல்லிக் காட்டினா. “ஒண்து… இரேந்து… மூந்து…”

எண்ணச் சொன்னது என்னை. அவனை ஒருத்தரும் வரிசையில் நிறுத்தவில்லை.

பைக்குள் இரண்டு சேட்டு, ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பாடக் கொப்பி. கொப்பியில் அவனுடைய கையெழுத்து: ‘என் பெயர் அரியரத்தினம் பகீரதன். என்னை 1996ஆம் ஆண்டு…’ திரும்பத் திரும்ப அதே கதை. பாடமாக்கியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கிறான். நான் அவனுக்குச் சொல்லாதவையும் இருக்கின்றன. ஆனால் அவை நடந்தவை. எப்படித் தெரிந்தது?

கடைசிப் பக்கத்தில் ‘40 நாள்’ என்று எழுதி, வெட்டி, ‘41’ என்று எழுதி, அதையும் வெட்டியிருக்கிறது. கீழே: ‘அகதிக் கேஸ் மேன்முறையீடு, பாரிஸ், வெள்ளி 8, காலை 9 மணி. அதுக்கு முதல் அண்ணையிட்டைக் கேக்க வேணும்.’

வெள்ளி. காலை ஒன்பது.

நான் அவனை வெள்ளி பதினொண்டுக்கு எடுக்கச் சொன்னனான். துபாயிலை பதினொண்டு எண்டால் இங்கை காலை எட்டு, அவன் நீதிமன்ற வாசலிலை நிக்கிற நேரம்.

13.02.2007

நகரசபை. மயானப் பிரிவில் ஓர் இளம்பெண். கடவுச்சீட்டைக் கேட்டாள், பதிவேட்டைத் திறந்தாள். அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே பெயர், அதே பிறந்த திகதி, அதே ஊர். பதிவேட்டில் செத்தவன், முன்னால் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

ஓடிவிடலாமா என்று இருந்தது. மதாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. குகனின் பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் உள்ளே போய்ப் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தாள். அவர் முழுவதையும் மறுபடி கேட்டார். பதிவை மாற்ற நீதிமன்றம் வேண்டும், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார்.

“அவருடைய பெயர் என்ன?”

அந்த நாட்டில் அதை ஒருவரும் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தேன்.

14.02.2007

மயானத்தில் ஒரு தகரப் பலகை. என் பெயர். முன்னால் நின்று பார்த்தேன். அவனைக் கிண்டி எடுத்து எரிப்பதற்கு விண்ணப்பம் கையெழுத்திட்டாயிற்று. அனுமதி வர மூன்று வாரம், அதுவரை நான் நிற்க முடியாது. மதாம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னா.

அவனிடம் சொன்னேன், நாப்பதோ நாப்பத்தொண்டோ எனக்கும் தெரியாதடா. முகாமிலை ஆர் நாளை எண்ணினது. நீ எதைச் சொல்லியிருந்தாலும் சரிதான்.

23.02.2007, வெள்ளி. துபாய்

அம்மாவுக்கு எடுக்கவில்லை. பேப்பர் வரட்டும்.

08.03.2007, வியாழன்

மதாமிடமிருந்து கூரியரில் கடிதம். திங்கட்கிழமை எரித்தார்களாம். அவவும் மருமகளும் போனார்களாம். பெயரை வாசித்தபோது பிழையாக உச்சரித்தார்கள், மன்னிக்கவும் என்று எழுதியிருக்கிறா. சாம்பல் அவவிடம் இருக்கிறது. நாகலிங்கம் அண்ணை அடுத்த கிழமை போய் எடுப்பார். கூடவே முத்திரையிட்ட எரிப்புச் சான்றிதழ். ‘பகீரதன் என்ற பெயரில் பதியப்பட்ட, அரியரத்தினம் குகதாசன்’.

09.03.2007, வெள்ளி

மூன்றாம் தடவையே லைன் கிடைத்தது.

“அம்மா, பேப்பர் வந்திட்டுது.”

“வாசி.”

வாசித்தேன். மற்றப் பக்கத்தில் இரைச்சல் மட்டும். துண்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

“பேரைத் திருப்பி வாசி.”

“அரியரத்தினம் குகதாசன்.”

அம்மா மூக்கை உறிஞ்சினா. “ஐயரிட்டைப் போகவேணும்” என்றா. “சின்னவன்ரை படத்தை இறக்கித் துடைக்க வேணும்.” பிறகு, ஐந்து வருடமாக ஒரு தடவைகூடக் கேட்காத குரலில்:

“அப்ப நீ இருக்கிறாய், என்ன மோனை?”

“இருக்கிறன் அம்மா.”

“சாப்பிட்டனியோ?”

“இன்னும் இல்லை.”

“போய்ச் சாப்பிடு.”

மணி பதினொன்று பத்து. சோறு வைத்தேன். வீரபாண்டிக்கும் சேர்த்து.